புனைவும் பொய்யும்: ‘பிக்ஷன்’ என்னும் சொல்லாராய்ச்சி

சொல்லின் பொருளை முன்னர் வரையறுத்துக்கொள்ளாது வாதம் புரிவோர், ஒரு சொல்லையே இருவரும் வழங்கினும், இருவேறு பொருள்களைப் பற்றிப் பேசி முடிவு காணாது ஒழிவர். ஆங்கிலத்தில் வழங்கும் ‘பிக்ஷன்’ என்னுஞ் சொல் நம்மவரிடையே அத்தகைய இடர்ப்பாட்டை விளைத்துள்ளது. இலக்கியம் ஆராய்வோர் அதனைப் புனைகதை என்பர். சட்டம் பயில்வோர் சட்டப் புனைவு என்பர். தத்துவம் ஆராய்வோர் கற்பிதம் என்பர். ஏனையோர் பொய் என்றே கொள்வர். இந்நான்கும் ஒன்றல்ல.

இவற்றை ஒன்றெனக் கொண்டமையால் விளைந்த தடைகள் இரண்டு. திருக்கோயிற் சொத்துக்கு இறைவனையே உடையவன் என நீதிமன்றங்கள் கொள்வது ஒரு பிக்ஷன். ஆகவே திருவுருவில் இறைவன் விளங்குகின்றான் என்பது பொய்யென நீதிமன்றமே உடன்பட்டதாம் என்பது ஒன்று. உலகம் மாயையின் காரியமெனச் சித்தாந்திகளும் கூறுதலின், உலகம் ஒரு பிக்ஷன் என்பது அவர்க்கும் உடன்பாடாம் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் பொருளின்கண் எழுந்த தடைகளா, சொல்லின்கண் எழுந்த மயக்கங்களா என்பதனை ஈண்டு ஆராய்வாம்.

சொற்பிறப்பு

‘பிக்ஷன்’ என்பது ‘பிங்கெரே’ என்னும் இலத்தீன் வினையடியாகப் பிறந்த பெயர். அவ்வினைக்குக் களிமண் முதலியவற்றைக் கையாற் பிசைந்து உருவாக்குதல் என்பது முதற்பொருள். அதனடியாகவே அம்மொழியிற் குயவனுக்குப் ‘பிகுலுஸ்’ என்றும், உருவத்திற்குப் ‘பிகூரா’ என்றும் பெயர்கள் அமைந்தன. கையால் உருவாக்குதலைக் குறித்த சொல், பின்னர்க் கருத்தால் உருவாக்குதலுக்கும் ஆகி, அதன்பின் இல்லாததனை உள்ளதுபோற் காட்டுதலுக்கும் ஆயிற்று. பாசாங்கு செய்தலைக் குறிக்கும் ‘பெயின்’ என்னும் ஆங்கிலச் சொல்லும் இவ்வேரினின்று வந்ததே. எனவே பொய் என்பது இச்சொல்லுக்கு மூன்றாம் படியில் வந்தேறிய பொருளேயன்றி முதற்பொருள் அன்று.

மொழி நூலார் இவ்வேரோடு உறவுடையதாக வடமொழித் தாதுவொன்றையும் காட்டுவர். அது பூசுதல், மெழுகுதல் என்னும் பொருளுடைய ‘திஹ்’ என்பது. அத்தாதுவினின்றே ‘தேகம்’ என்னுஞ் சொல் பிறந்தது. பிசைந்த மாவைக் குறிக்கும் ‘டோ’ என்னும் ஆங்கிலச் சொல்லும் இக்குடியினதே. ஆகவே பிக்ஷன் என்பதும் தேகம் என்பதும் ஒரு மூலத்தினின்று கிளைத்த சொற்கள். இரண்டும் ‘உருவாக்கப்பட்டது’ என்னும் பொதுப்பொருளில் ஒன்றுபடுகின்றன. தேகம் உருவாக்கப்பட்டது என்பதனால் தேகம் இல்லை என்று எவரும் கூறார். உருவாக்கப்படுதல் வேறு, இன்மை வேறு. இவ்வேறுபாடு பின்னர் வேண்டப்படும்.

தமிழிற் ‘புனைதல்’ என்பதன் வரலாறும் இதனோடு ஒத்ததே. மாலை புனைதல், அணி புனைதல், ஓவியம் புனைதல் என்னும் வழக்குக்களிற் செய்தலும் அழகுபெற அமைத்தலுமே பொருள். நன்னூலார் பாயிரத்தின் பெயர்களுள் ஒன்றாகப் புனைந்துரை என்பதனைக் கூறியது, அது பொய்யுரை என்னுங் கருத்தான் அன்று. ‘கற்பனை’ என்னுஞ் சொல்லோ, இயைதல், அமைதல் என்னும் பொருளுடைய வடமொழித் தாதுவினின்று வந்தது. செய்து அமைத்தல் என்பதே அதன் அடிப்பொருள். தமிழில் அதற்குக் கட்டளை என்ற பொருளும் உண்டு. கிறித்தவ சமயத்தார் தம் மறையிற் கூறப்படும் பத்துக் கட்டளைகளைப் பத்துக் கற்பனைகள் என்றே நெடுங்காலம் வழங்கினர். அங்கே கற்பனை என்றதனைக் கட்டுக்கதை எனக் கொள்வார் இலர். இடம் நோக்கிப் பொருள் கொள்ளவேண்டும் என்பதற்கு இது தக்க சான்று.

நான்கன் வேறுபாடு

பொய், மயக்கம், கருதுகோள், புனைவு என்னும் நான்கும் ‘உள்ளவாறு அல்லாமை’ என்னும் ஒரு தன்மைபற்றி ஒன்றெனத் தோன்றும். கூறுவோன், கேட்போன் ஆகிய இருவர்தம் அறிவினையும் நோக்கின் அவை வேறாதல் விளங்கும்.

பொய்யாவது, உண்மையன்று எனக் கூறுவோன் அறிந்தும், கேட்போன் அறியாதவாறு மறைத்து, அவனை நம்புவிக்கும் கருத்தாற் கூறுவது. மயக்கமாவது, உண்மையன்று என்பதனைத் தானும் அறியாது கொள்வது. பழுதையைப் பாம்பெனக் கண்டு அஞ்சுவோன் பொய்யன் அல்லன், மயங்கினவன். கருதுகோளாவது, உண்மையாதல் கூடும் என முன்வைத்து, மேற்கொண்டு சோதித்துத் தெளியவேண்டுவது. புனைவாவது, உள்ளவாறு அன்று எனக் கூறுவோனும் கேட்போனும் ஒருங்கே அறிந்து, ஒரு பயன்கருதி அவ்வாறே வைத்துக்கொள்வது. ஆகவே பொய்க்கு உயிர் மறைப்பு. புனைவுக்கு உயிர் உடன்பாடு. மறைப்பு நீங்கியவிடத்துப் பொய் அழியும். புனைவோ, மறைப்பின்மையாலேயே நிற்கும்.

ஆங்கிலத்தாரும் இவ்வேறுபாட்டினை ஒருவாறு போற்றுவர். கதையுட் பிறந்த மாந்தனைப் ‘பிக்ஷனல்’ என்றும், பிறரை ஏய்த்தற்கு இட்டுக்கொண்ட பெயரைப் ‘பிக்டிஷஸ்’ என்றும் அவர் வேறு பிரித்து வழங்குதல் பெரும்பான்மை. முன்னதனைப் புனைவு எனவும் பின்னதனைப் போலி எனவும் நாம் வழங்கலாம்.

இலக்கிய வழக்கு

இலக்கியத்திற் புனைவு பொய்யாகுமோ என்னும் வினா மேலை நாட்டிலும் எழுந்தது. ஆங்கிலப் புலவர் பிலிப் சிட்னி என்பார், 1595-ஆம் ஆண்டில் அச்சேறிய தம் நூலில், புலவன் எதனையும் நிகழ்ந்ததென உறுதி கூறாமையின் பொய் கூறினான் ஆகான் என விடையிறுத்தார். உறுதிமொழி இல்வழிப் பொய்ம்மொழியும் இல்லை என்பது அவர் கருத்து.

தமிழில் இவ்வாராய்ச்சி அதனினும் நுட்பமாக நிகழ்ந்துள்ளது. களவொழுக்கம் உலகத்து இல்லாததாயினும், இனிமையும் நன்மையும் உடைமையாற் புலவரால் நிலைநிறுத்தப்பட்டது என்பது இறையனார் அகப்பொருளுரை கொண்ட கருத்து. நச்சினார்க்கினியர் இதனை உடன்பட்டிலர். அறவே இல்லாததனைக் கூறின், வானத்துப் பூ மணக்கின்றது என்பான் கூற்றினைப் போல அஃது உலகத்தாரால் இகழப்படும். அதனைச் சூட விரும்புவாரும் இரார். ஆதலின் உலகியலையே அடிப்படையாகக் கொண்டது அகப்பொருள் என்பது அவர் கருத்து. இளம்பூரணரோ, பலவிடத்து நிகழும் சுவைமிக்க செயல்கள் யாவும் ஓரிடத்தே நிகழ்ந்தாற்போலத் தொகுத்துரைத்தல் நாடக வழக்கு என்று விளக்கினார்.

இம்மூன்று கருத்துக்களையும் வைத்து நோக்கின், இளம்பூரணர் விளக்கம் ஏனையிரண்டனையும் இயைப்பதாகும். அன்பு, பிரிவு, ஆற்றாமை ஆகியவை உலகத்து உள்ளவை. அவை ஒரு தலைவன்பாலும் ஒரு தலைவிபாலும் குறையின்றி அமைந்தன என்னும் அமைப்பே புலவன் செயல். பொருள் உள்ளது, அமைப்புப் புனையப்பட்டது. அணிநூலார் கூறும் இல்பொருளுவமையும் இத்தன்மைத்தே. முயற்கோடு இல்லை, ஆயினும் முயலும் உண்டு, கோடும் உண்டு. இயைபு ஒன்றே இல்லாதது. எனவே மனம் ஒன்றனைப் புனையுங்கால் முற்றும் இன்மையினின்று புனைவதில்லை. உள்ளவற்றைக் கொண்டே புனைகின்றது. இல்லது தோன்றாது என்னும் சற்காரியவாதம் கற்பனைக்கும் பொருந்துதல் இதனாற் காணப்படும்.

1879-ஆம் ஆண்டில் மாயூரம் வேதநாயகம் பிள்ளை பிரதாப முதலியார் சரித்திரத்தை வெளியிட்டார். அது முதல் வளர்ந்துவந்த உரைநடைக் கதைநூல்களுக்கும் இதுவே அளவுகோல். கதைத்தலைவன் பெயரில் ஒருவன் பிறந்திலன் என்பது குற்றமன்று. அவன்பாற் கூறப்படும் குணமும் செயலும் மக்கள் இயல்பொடு முரணின் அதுவே குற்றம்.

சட்ட வழக்கு

சட்டப் புனைவு மிகப் பழையது. உரோமர் சட்டத்தில், பகைவர் கையிற் சிறைப்பட்ட குடிமகன் உரிமை இழந்தவனாவான். உரிமையிழந்தோன் எழுதிவைத்த இறுதி முறியும் செல்லாது. அதனால் அவன் மரபினர்க்கு நேரும் இடரை நீக்குவான்வேண்டி, சிறையில் இறந்தவனைச் சிறைப்பட்ட அக்கணமே இறந்தவனாக வைத்துக்கொண்டனர். அவன் பின்னரே இறந்தான் என்பதனை நீதிபதி அறிவார், எதிர்வாதியும் அறிவான். ஏமாற்றப்பட்டார் ஒருவருமிலர், முறியும் நிலைபெற்றது. இங்கிலாந்தில் நிலவுரிமை வழக்குக்களில் ஜான் டோ, ரிச்சர்ட் ரோ என்னும் பிறவா மாந்தர் இருவரைக் கட்சிக்காரராக நிறுத்தி வழக்காடும் முறை இருந்தது. அது 1852-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தது. பெந்தாம் என்னும் சட்ட அறிஞர் (1748–1832) இத்தகைய புனைவுகளைக் கடிந்தார். ஹென்றி மெயின் என்பார் 1861-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், சட்டத்தின் எழுத்து மாறாதிருப்ப அதன் ஆட்சி மாறியதனை மறைக்கும் கருவியே புனைவு என இலக்கணம் கூறி, இளமைப்பருவத்துச் சமுதாயங்கட்கு அதனால் விளைந்த நன்மையையும் எடுத்துக்காட்டினார். மகவு ஏற்றலும் இவ்வகைப் புனைவே என்பது அவர் கொள்கை. தத்துப்பிள்ளையைப் பெற்ற பிள்ளையாக வைத்து ஈமக்கடனும் தாயமும் கொடுக்கும் நம் வழக்கினை ஈண்டு நினைவுகூர்க.

இனித் திருக்கோயிற் சொத்து. இறைவனை உடையவனாக வைத்து ஆவணம் எழுதும் முறை ஆங்கிலேயர் நீதிமன்றங்கள் இந்நாட்டிற்குக் கொணர்ந்தது அன்று. சோழர் காலக் கல்வெட்டுக்களிற் கோயில் நிலத்தை விற்போரும் கொள்வோரும் சண்டேசுவர தேவர் பெயரிலேயே ஆவணம் செய்தனர். 1010-ஆம் ஆண்டளவில் நிறைவெய்திய தஞ்சை இராசராசேச்சரத்துக் கல்வெட்டுக்கள், ஊர்ச்சபையார் ஆதிசண்டேசுவர தேவரிடத்துக் காசு கடனாகப் பெற்று, ஆண்டொன்றுக்குக் காசொன்றுக்கு அரைக்கால் காசு வட்டியாக அளக்க உடன்பட்டதனைத் தெரிவிக்கின்றன. அரைக்கால் என்பது எட்டிலொன்று, நூற்றுக்குப் பன்னிரண்டரை. கடன் கொடுத்தவர் நாயன்மாருள் ஒருவர். கோயிற்பண்டாரத்தார் அவர் பெயரால் ஒழுகியவர். கையாற் காசினை எண்ணிக் கொடுத்தவர் பண்டாரத்தார் என்பதனைச் சபையார் அறியாரல்லர், அறிந்தே எழுதினர். கோயிற்பொருள் ஒருவர்க்கும் தனியுடைமை ஆகாது காக்கும் அரண் அதுவாயிற்று.

பிற்காலத்தில் 1925-ஆம் ஆண்டு இலண்டன் பிரிவி கவுன்சில், மல்லிக் குடும்பத்தார் வழக்கில், இந்துக்களின் திருவுருவம் சட்டத்தின்முன் ஓர் ஆள் எனவும், வழக்கிடவும் வழக்கிடப்படவும் உரிமையுடையது எனவும் தீர்ப்பளித்தது. அவ்வுருவத்தை ஓரிடத்தினின்று மற்றோரிடத்திற்குக் கொண்டுசெல்லும் செய்தியில் அதன் விருப்பமும் கேட்கப்படவேண்டும் என்று அத்தீர்ப்புக் கூறியது கருதத்தக்கது. 1969-ஆம் ஆண்டில் இந்திய உச்ச நீதிமன்றம், வருமானவரி பற்றிய வழக்கொன்றில், சட்டம் ஆளாகக் கொள்வது பரம்பொருளை அன்று என்றும், அறஞ்செய்தோன் கருதிய நோக்கத்திற்கு நிலைக்களமாக நிற்கும் தெய்வத்தையே என்றும் வரையறுத்தது.

இப்புனைவின் பயன் பத்தூர்த் திருவுருவ வழக்கில் நன்கு விளங்கிற்று. தஞ்சை மாவட்டமாக அந்நாளில் இருந்த பகுதியிலுள்ள பத்தூரில், பாழ்பட்ட விசுவநாத சுவாமி கோயிலின் அண்மையில், 1976-ஆம் ஆண்டு கூத்தப்பெருமானது செப்புத் திருமேனி மண்ணினின்று வெளிப்பட்டது. அது களவாகக் கடல்கடந்து சென்று, 1982-ஆம் ஆண்டில் கனடா நாட்டுக் குழுமம் ஒன்றால் விலைக்குக் கொள்ளப்பட்டு, இலண்டனிற் காவற்றுறையினராற் கைப்பற்றப்பட்டது. அதற்கு உரியார் யாவர்? கோயில் பூசையின்றிக் கிடந்தது. கட்டிய தலைவன் மறைந்து பல நூற்றாண்டுகள் கடந்தன. இந்திய அரசும் தமிழ்நாட்டரசும் உரிமை கோரியதுடன், கோயிலும் அதன்கண் இருந்த சிவலிங்கமும் வாதிகளாயின. கோயிலை எடுப்பித்தோனது அறக்கருத்து அழியாது சிவலிங்கத்தின்கண் நிற்கின்றது என்பது 1988-ஆம் ஆண்டில் முதல் நீதிமன்றம் கொண்ட முடிபு. 1991-ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு மன்றம், தன் நாட்டுச் சட்டத்திற் கோயில் ஓர் ஆளாகக் கொள்ளப்படாதாயினும், இந்நாட்டுச் சட்டம் அவ்வாறு கொள்ளுதலின் அது வழக்கிடலாம் எனத் தீர்த்து, திருமேனி கோயிலுக்கே உரியதென உறுதிசெய்தது. அவ்வாண்டே திருமேனி இந்நாட்டிற்கு மீண்டது. மனிதர் எவரும் உடையவராக எஞ்சாதவிடத்தும் உரிமை எஞ்சிநின்றமைக்குச் சட்டப் புனைவே காரணம்.

தத்துவ வழக்கு

ஜெர்மானிய அறிஞர் ஹான்ஸ் வைஹிங்கர் (1852–1933) 1911-ஆம் ஆண்டில், ‘போல’ என்பதன் தத்துவம் எனத்தக்க பெருநூல் ஒன்றை வெளியிட்டார். கருதுகோள் மெய்ப்பிக்கப்படுதற்கு உரியது. புனைவோ மெய்யன்று எனத் தெளிந்தும் பயன்பற்றி மேற்கொள்ளப்படுவது என அவர் பிரித்தது பெரிதும் போற்றத்தக்கது. ஆயினும் கணிதம், சட்டம், அறம், கடவுட் கொள்கை ஆகிய யாவற்றையும் அப்புனைவினுள் அடக்க முயன்றார். இதன்கண் ஒரு தடை நிகழும். ஒன்றனைப் ‘போல’ என்றற்கு உண்மையானது ஒன்று வேண்டும். தத்துப்பிள்ளையைப் பெற்ற பிள்ளைபோல வைத்தல், பெற்ற பிள்ளை என ஒன்று உலகத்து உண்டாகலின் அன்றோ? யாவும் புனைவெனின் எதனைப் போலப் புனைவது?

உலகம் கற்பிதம் என்னும் மாயாவாதிகளை நோக்கிச் சித்தாந்திகள் நிகழ்த்தும் தடையும் இதனோடு ஒக்கும். பழுதையிற் பாம்பும் இப்பியில் வெள்ளியும் தோன்றுதற்கு, பிறிதோரிடத்துப் பாம்பும் வெள்ளியும் உண்மையாக உளவாதல் வேண்டும். பாம்பினை ஒருகாலும் அறியாதான் பழுதையைப் பாம்பென மயங்கான். அன்றியும், மயக்கமும் புனைவும் வேறென மேலே கண்டாம். உலகம் புனைவாயின், உள்ளவாறு அன்று என்பதனை அறிந்து உடன்பட்டோர் இருவரேனும் வேண்டும். மயக்கமாயின், மயங்கும் உயிர் ஒன்று வேண்டும். எவ்வாற்றானும் உயிர் கற்பிதமாதல் கூடாது.

அற்றேல், சித்தாந்தமும் உலகினை அசத்து எனவும் மாயேயம் எனவும் கூறுவதென்னை எனின், கூறுதும். அசத்து என்பது ஈண்டு இல்பொருளைக் குறித்ததன்று. ஒரு நிலையில் நில்லாது மாறும் பொருளைக் குறித்தது. மாயை என்னும் பெயரினையும், ஒடுங்குதற்கும் மீளத் தோன்றுதற்கும் இடமாவது எனச் சித்தாந்த நூலார் விரிப்பர். பொய்த்தோற்றம் எனக் கொள்ளார். குடத்திற்கு மண் முதற்காரணம், திகிரி துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். அவ்வாறே உலகிற்கு மாயையும் சத்தியும் சிவனும் என்பது நம் நூல்களிற் பயின்ற உவமை. இலத்தீன் சொல்லின் வேரிலும் அக்குயவனே நிற்றலை முன்னர்க் கண்டாம். ‘உருவாக்கப்பட்டது’ என்னும் அவ்வேர்ப்பொருளில் உலகினைப் பிக்ஷன் என்பாராயின், சித்தாந்திகட்கு அஃது உடன்பாடே. தேகமும் அவ்வாறு உருவாக்கப்பட்டதே. ‘இல்லாதது’ என்னும் வந்தேறிய பொருளிற் கூறுவாராயின், உடன்பாடு அன்று. ஒரு சொல்லின் இருபொருளை மாற்றிவைத்தலாலன்றி அவ்வாதம் நடவாமை காண்க.

திருவுருவம் பற்றிய தடைக்கு விடை

இனி முதற்கண் கூறிய தடைக்கு விடை எளிது. நீதிமன்றம் புனைவு என்றது எதனை? சொத்துக்கு உடையவனாக ஓர் ஆளைச் சட்டத்தின்கண் வைத்துக்கொண்டதனையே. திருவுருவில் இறைவன் விளங்குதல் உண்மையோ அன்றோ என்னும் வினாவினை நீதிமன்றம் ஆராயவுமில்லை, தீர்க்கவுமில்லை. அஃது அதன் எல்லைக்கு உட்பட்டதும் அன்று. பரம்பொருளைத் தாம் ஆளாகக் கொள்ளவில்லை என உச்ச நீதிமன்றம் விலக்கியது, பரம்பொருளை மறுத்ததாகாது. தன் சொல்லின் எல்லையை வகுத்துக்கொண்டதேயாம். குழுமத்தையும் நகராட்சியையும் சட்டம் ஆளாகக் கொள்கின்றது. அதனால் நகரம் பொய்யாயிற்று என்பார் உளரோ?

சித்தாந்தத்தின் நிலையோ வேறு. சிவஞானபோதத்தின் பன்னிரண்டாஞ் சூத்திரம் அடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் அரன் எனவே வழிபடுக என விதிக்கின்றது. அங்கு ‘எனவே’ என்பது ‘அரன் அல்லாததனை அரனாக வைத்துக்கொண்டு’ என உபசாரமாகப் பொருள்படுமோ எனின், படாது. எங்கும் நிறைந்த முதல்வன் ஏனையிடங்களிற் பாலில் நெய்போல விளங்காது நிற்பன். இவ்விடங்களில் தயிரில் நெய்போல விளங்கி நிற்பன் என்பது அச்சூத்திரத்தின்கண் ஆசிரியர் காட்டும் உவமையின் கருத்து. பாலிலும் நெய் உண்மையே; தயிரிலும் உண்மையே. வேறுபாடு விளக்கத்தின்கண் உள்ளதேயன்றி உண்மையின்கண் இல்லை. ஆகலின் வழிபாட்டின்கண் ‘போல’ என்பதற்கு இடமில்லை.

எனவே ஒரு திருமேனியின் முன்னர் நிற்கும் நீதிபதியும் அடியவரும் இருவேறு செய்தியைக் கூறுகின்றனர். நீதிபதி கூறுவது, உரிமையை யார்பால் வைப்பது என்பது. அடியவர் கூறுவது, யார் ஈண்டு விளங்குகின்றார் என்பது. ஒன்று மற்றொன்றனை நிறுவுவதும் இல்லை, அழிப்பதும் இல்லை. வழக்கில் வென்றமையாற் சைவம் மெய்யாயிற்று எனச் செருக்குதலும் தவறு. புனைவு எனப்பட்டமையாற் சைவம் பொய்யாயிற்று எனத் தளர்தலும் தவறு.

ஆகவே ‘பிக்ஷன்’ என்பதனைத் தமிழிற் பெயர்ப்போர், கதைநூலிற் புனைகதை எனவும், சட்டநூலிற் சட்டப் புனைவு எனவும், தத்துவநூலிற் கற்பிதம் எனவும், ஏமாற்றுக் கருத்துள்ளவிடத்துப் போலி எனவும் இடம் நோக்கி வழங்குவாராக. பொய் என்னுஞ் சொல்லைப் பொய்க்கே விட்டுவைத்தல் நன்று.